சல்மா உம்மா விரித்துக் காட்டிய வீடு

சாய்ந்தமருது,
றமழான் பிறை 6, 1982.

அன்பு மகன் ஜவுபருக்கு, உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் இங்கே எல்லோரும் நோன்பும் கையுமாக நல்ல சுகம், மொறட்டுவையில் படிக்கிற நீயும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். வாப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, ஆனாலும் வெயிலென்றும் பாராமல் வயலுக்குப் போய் வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை பிடித்துவிட்டு வருகிறார். உன் தங்கை றபீக்காவின் மகளுக்குப் பல் முளைத்து, கண்டதையெல்லாம் கடிக்கிறாள். ஸஹருக்கு எழும்பாமல் தூங்கிவிட்டு வெறும் வயிற்றோடு நோன்பு பிடிக்காதே, பகல் முழுக்கக் குனிந்து படம் கீறுகிற பிள்ளைக்குத் தலை சுற்றும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உன்மேல் கோபம், சல்மா உம்மாவின்மேல் பொறாமை. நோன்பு நாளில் மூடி மறைத்து எழுத மனமில்லை. உனக்குப் பெண் பேசிய வீட்டுக்கு நோன்புக் கஞ்சி கொண்டுபோவது முறையல்லவா, முந்தாநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு கல்முனைக்குடிக்குப் போனேன். அங்கே உன் மாமியாகப் போகிற சல்மா உம்மா பாயில் ஒரு பெரிய தாளை விரித்து, நாலு மூலைக்கும் பீங்கான் கோப்பை வைத்து, அயல் பெண்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கமீலாவுக்குச் சீதனமாகக் கட்டப்போகிற வீட்டின் பிளானாம். எங்கட மருமகன் கீறி அனுப்பினது என்றார். நிக்காஹ் இன்னும் முடியவில்லை, அதற்குள் எங்கட மருமகன். நீ கீறிய முதல் வீடு அது என்பதே எனக்கு அங்கேதான் தெரிய வந்தது. விறாந்தை இது, மண்டபம் இது, வெளிச்சம் விழ நடுவில் முற்றம் இது என்று ஒவ்வொன்றிலும் விரலை வைத்துச் சொல்லிக்கொண்டே வந்து, குசினியில் புகை போக வழியும் நின்றபடி சமைக்க மேடையும் வைத்திருப்பதைக் காட்டினார். குந்தியிருந்து அடுப்பை ஊதி ஊதி என் கண் சிவந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நீ, அந்த மேடையைச் சல்மா உம்மாவுக்கு வைத்திருக்கிறாய்.

நீ வீடு கட்டப் பழகியது யாருடைய வளவில்? கடையில் கிடந்த சவர்க்காரப் பெட்டிகளை உடைத்துவந்து கோழிக்கூட்டுக்கு மாடி வைத்தாய், கோழிகள் படியேற மனமில்லாமல் அடுத்த வளவில் போய் முட்டையிட்டன, அந்தச் சண்டையைத் தீர்த்தது நான். ஈர மணலில் நீ எழுப்பிய பள்ளிவாசலை மழை கரைக்கப் பார்த்தபோது என் புடவையைப் போட்டு மூடியது நான். சோதனையில் நல்ல பெறுபேறு வந்ததும் வாப்பா உன்னை இன்ஜினியராக்கப் பிடிவாதம் பிடித்தார், வீடு கீறப் படிக்கிறதுக்கும் ஒரு கம்பசா என்று சிரித்தார். அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டு முகம் பார்த்துப் பேசாமல் இருந்து சம்மதிக்க வைத்ததும் நான்தான். சல்மா உம்மா அப்போது உன் பெயரைக்கூட அறிந்திருக்கமாட்டார்.

நம் ஊர் முறை எனக்குத் தெரியாததல்ல. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே குடிபோவார். நானும் என் வீட்டை றபீக்காவுக்குச் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டுத்தான் வாப்பாவோடு குசினியை ஒட்டிச் சாய்த்து இறக்கிய கிடுகுப் பத்தியில் இருக்கிறேன், அதில் எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் சல்மா உம்மா தாளைச் சுருட்டிக்கொண்டே, “உங்களுக்கு மருமகன் என்ன கீறித் தந்தாரு, மதினி?” என்று கேட்டார். எல்லாப் பெண்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். “எனக்கும் ஒண்டு கீறித் தந்திருக்கான். இதைவிடப் பெரிசு” என்று சொல்லிவிட்டேன். நோன்பு வாயோடு பொய் சொல்லிவிட்டேன் மகன், அல்லாஹ் மன்னிக்கட்டும். அவர் அதோடு விட்டாரா, பெருநாளைக்கு எல்லோரும் வருகிறோம், எடுத்து வையுங்கள் பார்ப்போம் என்றார்.

ஆகவே எனக்கு ஒரு வீடு கீறி அனுப்பு. கட்ட வேண்டாம், அதற்குக் காணியுமில்லை கல்லுமில்லை. வாப்பாவுக்குச் சொல்லாதே, ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தாள் மட்டும் சல்மா உம்மாவின் தாளைவிடப் பெரிதாக இருக்கட்டும். குசினி மேடை என் இடுப்பு உயரத்துக்கு இருக்கட்டும், கடற்காற்று வருகிற பக்கம் ஜன்னல் வை. கமீலாவோடு எனக்கு ஒரு மனக்குறையுமில்லை, அன்றைக்கு விசிறியை எடுத்துவந்து என் பக்கத்திலேயே இருந்த பிள்ளை அவள். அவள் உம்மாவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஐவேளைத் தொழுகையை விடாதே. உன் கையால் எழும்புகிற வீடெல்லாம் அல்லாஹ்வின் அருளோடு பறக்கத்தாக இருக்க, நீ நீண்ட ஆயுளோடு வாழ துஆ செய்கிறேன். பெருநாளைக்கு நீ வருவதென்றாலும் பிளானைத் தபாலில் முந்தி அனுப்பிவிடு. இன்னொன்றையும் மறந்துவிடாதே. கலியாணம் முடித்துப்போகிற மகனுக்கு உம்மா வீட்டில் அறை வைக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. என் வீட்டில் உனக்கு ஒரு அறை கீறு, சின்னதாக இருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
உன் உம்மா,
சபியா உம்மா.