ஆறு சாக்கில் ஒரு மோட்டார் சைக்கிள்

பிப்ரவரி 3

கடைசி கீமோ மருந்து ஏற்றி இன்றோடு பதினோரு வாரம். தலையில் ஒரு விரல்கடை முடி வந்துவிட்டது. விரல்களில்தான் உணர்ச்சி வரவில்லை. பத்து விரல் நுனியிலும் யாரோ பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போன மாதிரி. சட்டைப் பித்தான் ஐந்தையும் போட ஆறு நிமிடம் ஆயிற்று.

டாக்டரிடம் எப்போது சரியாகும் என்று கேட்டேன். “சிலருக்கு ஆறு மாசம், சிலருக்கு ரெண்டு வருஷம், சிலருக்கு…” என்று இழுத்தார். அந்த மூன்றாவது சிலருக்கு என்ன ஆகும் என்று சொல்லவில்லை. விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னார். பட்டாணி உரிக்க வேண்டுமாம், நூல் கோக்க வேண்டுமாம்.

பதினெட்டு வருஷம் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுத்த கை இது. கண்ணுக்குத் தெரியாத நரம்பைக்கூட விரல் வைத்துத் தடவியே கண்டுபிடிப்பேன். இப்போது பட்டாணி.

பிப்ரவரி 6

பட்டாணி உரித்து உரித்து வெறுத்துப்போய் பின்பக்கக் கொட்டகையை ஒழிக்கப் போனேன். மூலையில் ஆறு சாக்கு. எனக்குத் தெரியாததா? என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் ஆசை ஆசையாக வாங்கி, ஆசை ஆசையாகக் கழற்றிப் போட்ட மோட்டார் சைக்கிள். என்னைவிட வயதில் மூத்தது. வெளிநாட்டுச் சரக்கு என்பதால் ‘துரை’ என்று பெயர் வைத்திருக்கிறார். இருபத்து மூன்று வருஷமாக “வர்ற ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கிறேன்” என்கிறார். எந்த ஞாயிறு என்று நானும் கேட்டதில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சோபா தைக்கிறவர். தோலும் துணியும் அவர் பேச்சைக் கேட்கும். இரும்பு கேட்காது.

நான்காவது சாக்கில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கையேடு இருந்தது. எழுபது பக்க நகல். உட்கார்ந்து படித்தேன். பரிசோதனைக்கூடத்தில் இயந்திரம் நின்றுபோனால் கம்பெனி ஆள் வரும்வரை திறந்து பார்க்கிறவள் நான்தான். இது அந்த இயந்திரங்களைவிட எளிது. இதில் புரியாத கணினி எதுவும் கிடையாது. பெட்ரோல், காற்று, தீப்பொறி. மூன்றும் சரியான நேரத்தில் சேர வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 7

துரையை நான் பூட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். “எடுத்துக்க. நான் தொட்டா அது இன்னும் ரெண்டு சாக்கு ஆயிடும்” என்றார்.

பிப்ரவரி 20

முட்டை அட்டை பதினாலு சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு குழியிலும் ஒரு சாமான், பக்கத்தில் ஒரு சீட்டு. ரத்த மாதிரிக்கு எண் போடுகிற பழக்கம்.

இன்று கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவக் கழுவச் சிவப்பாக வந்தது. துரு என்று நினைத்தேன். என் ரத்தம். கட்டைவிரல் கிழிந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை.

அவர் ஓடி வந்து துணி சுற்றினார். “ஏன்டி, துரைக்கு ரத்தம் குடுக்கறியா? குரூப் பாத்தியா முதல்ல?”

சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான். பயமாக இருக்கிறது என்று வாயைத் திறந்தால் போதும், ஒரு ஜோக். அடுத்த கட்டிலில் இருந்த அம்மா, “உனக்கென்னம்மா, இப்படி ஒரு மனுஷன்” என்பார். ஆமாம், நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த ஐந்து மாதச் சிகிச்சையில் ஒரு நாளாவது என் பயத்தை நான் முழுசாகச் சொல்லி முடித்திருக்கிறேனா?

மார்ச் 11

லேத் பட்டறைக்குப் போனோம். சிலிண்டரை உள்ளே கடைந்து, புது பிஸ்டன் போட வேண்டும். லேத்காரர் என்னைப் பார்க்கவே இல்லை.

“சார், எவ்வளவு கடையலாம்?”

“என்னைக் கேக்காதீங்க. நான் தூக்கிட்டு வந்த ஆளு.”

லேத்காரர் வேண்டாவெறுப்பாக என் பக்கம் திரும்பினார். நான் எட்டு இடத்தில் அளந்து எழுதிய தாளை நீட்டினேன். ஒரு தடவை படித்தார். தானும் ஒரு தடவை அளந்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, “உக்காருங்கம்மா” என்றார்.

மார்ச் 29

வெறுப்பாக இருக்கிறது. எழுதவே வேண்டாம் என்று பார்த்தேன்.

எஞ்சின் மேஜைமேல் இருந்தது. பிஸ்டனைக் கோத்து, அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன வளையக் கிளிப் போட வேண்டும். நகம் அளவுதான் இருக்கும். கீழே எஞ்சினின் வாய் திறந்திருக்கும், கிளிப் விழாமலிருக்க அதில் துணி அடைத்து வைக்க வேண்டும். அடைத்துத்தான் வைத்திருந்தேன். கிளிப் போட்டாயிற்று என்று நினைத்து துணியை எடுத்துவிட்டேன். போட்டாயிற்று என்று சொன்னது என் விரல். அது பொய் சொன்னது.

டிங் என்று ஒரு சத்தம். உள்ளே போய்விட்டது.

அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். “போதும்மா, விட்டுடு. இந்தக் கையை வச்சிக்கிட்டு எதுக்கு இந்தக் கஷ்டம்? யாராவது எடுத்துக்கட்டும், தள்ளி விட்டுடலாம்.”

கத்திவிட்டேன். “எனக்கு விரல்தான் மரத்துப்போச்சு, மூளை மரத்துப்போகல! நீங்க இருபத்து மூணு வருஷம் சாக்குல வச்சிருந்தீங்களே, அப்ப யாரு உங்களை விட்டுடுன்னு சொன்னா?”

அவர் உள்ளே போய்விட்டார். தையல் மெஷின் சத்தம் கேட்டது. தைக்க இன்றைக்கு வேலை எதுவும் இல்லை. எனக்குத் தெரியும்.

மார்ச் 30

பேச்சு இல்லை. டீ மட்டும் வந்தது. ஆறிப்போய்.

மார்ச் 31

காலையில் கொட்டகைக்கு வந்தார். முழுக்கையை மடித்துவிட்டார். “ஒரு பக்கம் பிடி” என்றார். எஞ்சினை இரண்டு பேருமாகத் தூக்கி, தலைகீழாக்கி, குலுக்கினோம். கனமென்றால் கனம். என் கைக்குப் பிடி தெரியாததால் முழங்கையால் அணைத்துக்கொண்டேன், பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. மூன்றாவது குலுக்கலில் கிளிப் வெளியே விழுந்தது. அவர் கால் கட்டைவிரல்மேல்.

“பாத்தியா, துரை என் காலைத் தொட்டுட்டாரு.”

இந்த ஜோக்குக்கு மட்டும் மனசாரச் சிரித்தேன்.

கிளிப்பை நானே போட்டேன். இந்தத் தடவை விரலை நம்பவில்லை. கண்ணாடி வைத்துப் பார்த்து, குச்சியால் தட்டிப் பார்த்து, பிறகுதான் துணியை எடுத்தேன்.

ஏப்ரல் 19

முழு வண்டி. இரண்டு சக்கரத்தில் நிற்கிறது. சீட் அவர் தைத்தது, கறுப்புத் தோல், ஓரத்தில் வெள்ளை நூல். ஒரு ராஜா உட்காரலாம். போன வாரம் பெட்ரோல் டேங்க் மூடிக்கும் ஒரு தோல் வில்லை வெட்டிக் கொண்டுவந்து போட்டார். “பெட்ரோல் ஒரு சொட்டு உன்மேல தெறிக்காது” என்றார்.

உதைத்தேன். கிளம்பவில்லை. நாற்பது உதை. அவர் இருபது.

ஏப்ரல் 20

பெட்ரோல் வருகிறது. பிளக்கில் தீப்பொறி நீலமாக விழுகிறது. காற்றுக்குத் தடை இல்லை. பிறகு என்ன உனக்கு?

ஒரே ஒரு தடவை கார்புரேட்டர் வழியாகப் பின்பக்கமாகத் தும்மியது. தும்மினால் தீப்பொறி வரும் நேரம் தப்பு.

ஏப்ரல் 22

கண்டுபிடித்துவிட்டேன்!

பிஸ்டன் இரண்டு தடவை மேலே வரும். ஒன்று காற்றை அமுக்க, ஒன்று புகையை வெளியே தள்ள. தீப்பொறி முதலாவதில் வர வேண்டும். எது முதலாவது என்று அறிய, பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்தம் தெரிகிறதா பார்க்கச் சொல்கிறது கையேடு. என் கட்டைவிரலுக்கு என்ன தெரியும்? பூட்டிய அன்றைக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. மறுபடியும் பொய்.

பெட்டியில் ஆஸ்பத்திரிக் கையுறை கிடந்தது. அதில் ஒரு விரலை வெட்டி ஓட்டைமேல் விரித்துப் பிடித்து, அவரை மெதுவாக உதைக்கச் சொன்னேன். முதல் தடவை சும்மா இருந்தது. இரண்டாவது தடவை புஸ்ஸென்று பலூன் மாதிரி எழுந்து நின்றது. ஆக, இதுதான் அது. நான் வைத்திருந்தது ஒரு சுற்று தள்ளி.

“ரப்பர் விரலுக்கு இருக்கிற புத்தி!” என்றேன். “வெட்டினது யாரு, அதைச் சொல்லு” என்றார்.

மாற்றி வைத்தேன். மூன்றாவது உதையில் கிளம்பிவிட்டது. முதலில் இருமல், பிறகு ஒரே சீராக, தட் தட் தட். அவர் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, பேசாமல் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தார். “அப்பா, அது என்ன, மிக்ஸியா?” என்றாளாம்.

மே 5

சந்தோஷம் பத்து நிமிஷம்தான். தெருவைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி வந்தால் துரை நின்றுவிடுகிறார். கால்மணி நேரம் ஓய்வெடுத்தால் மறுபடி கிளம்புகிறார். மறுபடி நிற்கிறார். சூட்டில் கெட்டுப்போகும் சாமான் என்று நினைத்து கண்டென்சரை மாற்றினேன். பயனில்லை.

ஒவ்வொரு தடவையும் அவர் தன் ஸ்கூட்டரில் பின்னாலேயே வருகிறார். கண்ணாடியில் எப்போது பார்த்தாலும் அவர் முகம். நின்றவுடன், “நான் சொல்லல? இறங்கு, நான் தள்றேன்.” நான் எதையும் யோசிப்பதற்குள் தள்ள ஆரம்பித்துவிடுகிறார்.

மே 13

இன்று அவர் சோபா ஒன்றைக் கொடுக்கப் போயிருந்தார். தனியாகக் கிளம்பினேன். தண்ணீர்த் தொட்டியில் வழக்கம்போல் நின்றது. தள்ள ஆளில்லை. அவசரமும் இல்லை. ஓரத்தில் குந்தி உட்கார்ந்து யோசித்தேன்.

பெட்ரோல் இருக்கிறதா பார்க்கலாம் என்று டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸ்… என்று காற்று உள்ளே போயிற்று.

அப்படியே நின்றேன். மூடினேன், உதைத்தேன். ஒரே உதை.

டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் பொடி ஓட்டை வைத்திருக்கிறார்கள். அதன்மேல் அவர் வெட்டிய தோல் வில்லை, கச்சிதமாக, ஓட்டையே இல்லாமல். என்மேல் ஒரு சொட்டும் தெறிக்கக் கூடாது என்று போட்டது.

எப்படிச் சொல்வது?

மே 14

சொல்லிவிட்டேன். மூடியைக் கையில் கொடுத்து, ஓட்டையைக் காட்டி, தோல் வில்லையை அதன்மேல் வைத்துக் காட்டினேன்.

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப இத்தனை நாளும் வண்டியை நிறுத்தினது நான்தானா?”

“ஆமாங்க.”

“மூச்சு முட்ட வச்சிருக்கேன்.”

“கொஞ்சம்.”

ஏதாவது ஜோக் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. குத்தூசியை எடுத்து வந்து தோலில் ஒரு ஓட்டை போட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னொன்றும் போட்டார்.

மே 15

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பஸ் டிப்போவைத் தாண்டி, ஆற்றுப் பாலம்வரை போய்த் திரும்பினேன். நாற்பது நிமிஷம். கண்ணாடியில் யாரும் இல்லை. வெறும் சாலை.

திரும்பி வந்தபோது வாசலில் நின்றிருந்தார். செருப்பு போட்டிருந்தார், ஸ்கூட்டர் சாவி கையில் இருந்தது. ஆனால் ஸ்கூட்டர் கொட்டகையிலேயே இருந்தது. “வந்துட்டியா” என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 2

டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார். பத்தில் ஆறு சரியாகச் சொன்னேன். பிப்ரவரியில் ஒன்றுகூடச் சரியில்லை. இடது கை இன்னும் மந்தம்தான். முழுசாக வருமா என்றேன். “தெரியல. ஆனா வந்துட்டிருக்கு” என்றார். இழுக்காமல் சொன்னார்.

பரிசோதனைக்கூடத்தில் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஊசி பிடிக்கிற வேலை இப்போதைக்கு இல்லை, இயந்திரங்கள் பக்கம். ஒப்புக்கொண்டேன். முன்பென்றால் அழுதிருப்பேன்.

ஜூன் 8

ஞாயிறு. நான் ஓட்ட, அவர் பின்னால். முதல் தடவை. “மெதுவா போ” என்று ஒரே ஒரு தரம் சொன்னார்.

ஊருக்கு வெளியே ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைக்காமல் நின்றேன். சரக்கு ரயில், போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று முதுகில் அவர் நெற்றி பட்டது.

“அந்த அஞ்சு மாசமும்…” என்றார். நின்றார். “நீ இல்லாம போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு… தினமும் பஸ்ஸுல வரும்போது ஒரு ஜோக்கை யோசிச்சு வச்சிட்டுத்தான் உன் வார்டுக்குள்ள வருவேன். இல்லைன்னா உள்ள வர கால் வராது.”

நான் திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவார் என்று தோன்றியது. “சொல்லுங்க” என்றேன்.

கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை ஓரமாக ஒரு மரத்தடிக்கு உருட்டிக்கொண்டு போய் எஞ்சினை அணைத்தேன்.

அவர் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் நான் என்னுடையதைச் சொன்னேன்.