பக்கத்து வளவுப் புளியமரம்

12.02.1998, வியாழன்
ஜெயபுரம்

மாமி காலந்தொட்டு எங்கள் மருதமரத்தில் கூடு கட்டிய நாரைகள் இம்முறை பக்கத்து வளவு மலரின் புளியமரத்துக்குப் போய்விட்டன. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

இன்று மலரின் புருசன் பதுங்குகுழிக்கு மேலே போட மரம் வேண்டுமென்று அந்தப் புளியைத் தறிக்கப் போனார். மலர் வேலிக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, குஞ்சு பொரிச்சிருக்கு. நீங்க சொன்னாக் கேப்பார்."

தறிக்கட்டும், நாரைகள் என்னிடம் திரும்பி வரும் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் குஞ்சுகள் கத்தத் தொடங்கின.

"தம்பி, அதை விடுங்கோ. எங்கட மருதைத் தறியுங்கோ, அது சும்மாதானே நிக்குது" என்றேன்.

பின்னேரம் மருது விழுந்தது. நாரைகள் மலரின் மரத்தில் வந்து இறங்கின. இனி அவை திரும்பி வர என்னிடம் மரமும் இல்லை. மலர் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். தலையிடி என்று பொய் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.