நான் வெட்டச் சொன்ன புத்தகம்

டொக்டர் ஐயா,

மூத்த பேத்தி உங்களைப்போல டொக்டராகிவிட்டாள். பேரன் மெல்பேணில் இஞ்சினியர், அங்கேயே ட்ருகனினாவில் வீடும் வாங்கிவிட்டான். கடைக்குட்டி பேச்சுப் போட்டியில் முதலாவது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்று சொன்னால் ஒருத்தரும் நம்புகிறார்கள் இல்லை. முந்தியென்றால் இதைக் கேட்டவுடன், "புதுப் படம் ஒன்று தபாலில போடுங்கோ தங்கச்சி, கிளினிக் சுவரில ஒட்டவேணும்" என்பீர்கள். இனிக் கேட்கமாட்டீர்கள்.

பேத்தியின் பட்டமளிப்பு விருந்துக்கு அழைப்பிதழ் எடுக்க நேற்று இங்கே எங்கட மெரிலேண்ட்ஸ் அச்சுக்கடைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் மை மணம். உள்ளே போக முடியாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

மகனைப் பறிகொடுத்து இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நித்திரை வருகுதில்லை என்று உங்களிடம் வந்தேன். குளிசை எழுதித் தந்துவிட்டு, "இது பாதி மருந்து. மிச்சத்துக்குச் சனிக்கிழமை என்ர கராஜுக்கு வாங்கோ, தாள் மடிக்க ஆள் வேணும்" என்றீர்கள். கார் நிற்கிற இடத்தில் பழைய அச்சு மெஷின் நின்றது. கிழமை நாளில் ஊசி போடுகிற கை, சனிக்கிழமையில் மை பிடித்துக் கறுப்பாக உங்கட ஆர்மேனிய பாஷை எழுத்துக் கோர்க்கும். மனிதருக்கு மேலே அரசாங்கம் என்று ஒன்று தேவையில்லை என்பதுதான் அந்தப் புத்தகங்களில் இருந்ததாம்.

"அப்ப ஏன் டொக்டர் சிவப்பு லைற்றுக்குக் காரை நிப்பாட்டுறியள்?" என்று ஒருநாள் உங்களை மடக்கினேன்.

"லைற்றுக்கு ஆர் நிண்டது? அங்க நடந்து போற மனுசிக்காக நிண்டனான்."

மடித்துக்கொண்டே, என்ர உடைஞ்ச இங்கிலீசில் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். மகளுக்குக்கூடச் சொல்லாததை எல்லாம் உங்களுக்குச் சொன்னேன். இதை அச்சில் போடுவோம் என்றீர்கள். "எனக்கென்ன எழுதத் தெரியும்?" என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "எங்கட ஆர்மேனியச் சனத்தை ஊரைவிட்டுத் துரத்தேக்க என்ர அம்மா சின்னப் பிள்ளையா நடந்து கடந்த பாலைவனத்தை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. அவவோட அதுவும் போட்டுது."

ஒரு சனிக்கிழமை, நான் சொன்னதெல்லாம் இங்கிலீசில் புத்தகமாகத் தயாராக இருந்தது. சின்னன், முப்பது பக்கம்கூட வராது. உங்களிடம் தமிழ் எழுத்து இல்லை. முன்னொருநாள் நான் தமிழில் எழுதித் தந்த என்ர பேரை அப்படியே றப்பர்த் தகட்டில் வெட்டி, அட்டையில் பதித்திருந்தீர்கள்.

அதைக் கண்டதும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். எங்கட ஊரில் பேர் எழுத்தில் ஏறினால் ஆளைத் தேடி வருவார்கள். மகளின் விசா வழக்கும் அப்போது முடியவில்லை. "வேண்டாம் டொக்டர், வெட்டிப் போடுங்கோ. இப்பவே. என்ர கண்ணுக்கு முன்னால."

"இஞ்ச உங்களை ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம்."

"அரசாங்கத்தை நம்பாத நீங்கள் அதைச் சொல்லாதேங்கோ!"

எந்த அரசாங்கத்தின் சொல்லுக்கும் அடங்காத நீங்கள், ஐந்தாம் வகுப்புப் படித்தவளின் ஒரு சொல்லுக்காக அடித்த புத்தகம் முழுவதையும் தாள் வெட்டுகிற மெஷினில் வைத்தீர்கள். நீங்கள் எழுதி வைத்திருந்த தாள்களையும் சேர்த்துத்தான். ஒன்றையாவது ஒளித்து வைத்திருப்பீர்கள் என்று பிறகு நெடுநாள் நம்பினேன். போன வருசம் நீங்கள் செத்த பிறகு உங்கட தங்கச்சியார் கராஜை முழுக்கத் தேடிவிட்டுச் சொன்னா: "அவர் சொன்னால் சொன்னதுதான்." வழக்கு வென்று, பயமெல்லாம் போன பிறகாவது நான் வந்து திரும்ப அடியுங்கோ என்று கேட்டிருக்கலாம். வெட்கத்தில் கேட்கவில்லை.

இப்போது பேத்தி கேட்கிறாள், "அம்மம்மா, மாமா எப்பிடி இருப்பார்?" சொல்லத் தொடங்குகிறேன், பாதியில் நின்றுவிடுகிறது. கடைசியாகப் படலையைத் திறந்து போனபோது அவன் ஒரு சேட்டுப் போட்டிருந்தான். திரும்பி என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். அந்தச் சேட்டின் நிறத்தையும் அவன் சொன்னதையும் உங்களுக்குச் சொன்னது எனக்கு வடிவாக ஞாபகம் இருக்கிறது டொக்டர். என்ன நிறம், என்ன சொன்னான் என்பதுதான் வருகுதில்லை.