ஒரு பிடி மானாப்புல்

மடுல்சீமை,
கார்த்திகை, திங்கட்கிழமை.

தம்பி தயாபரனுக்கு, ரஜீவின் அம்மாயி வேலாயி எழுதுவது.

கனடாவில் நீ சுகமாகத்தான் இருப்பாய். இங்கே மழை. மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்து மூன்று காம்பரா மூடிக் கிடக்கிறது.

ரஜீவுக்கு நீ போட்ட கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நான்தான் பிரித்தேன். மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டேன். அவனுக்குத் தெரியாது. தை மாதம் கொழும்பில் உங்கள் 'ஏழாம் லயம்' குழு மறுபடி மேடை ஏறுகிறது, ரஜீவ் தப்பு மேளம் அடிக்க வரவேண்டும் என்கிறாய். இப்போது பதுளையிலும் ஹட்டனிலும் குழு தொடங்குகிற பிள்ளைகளெல்லாம் உங்களைப் பார்த்துத்தான் கிட்டாரோடு தப்பைச் சேர்க்கிறார்களாம். இருக்கட்டும்.

நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. நீயும் ரஜீவும் மத்தேயுவும் பாடிப் பழகியது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தொட்டில்கள் காலியாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில். உனக்குத் தாளம் நிற்காது. "அண்ணே, கொழுந்துத் தராசு மாதிரி ஆடாதண்ணே" என்று ரஜீவ் சிரிப்பான். என் ரொட்டியைத் தின்றுகொண்டே, "பேரு வாங்குனா ஒங்களத்தான் மொத வரிசையில ஒக்கார வைப்பேன் அம்மாயி" என்றாய். சினிமாப் பாட்டுப் பாடவில்லை என்று திருவிழாவில் கல்லெறிந்தார்கள். அப்புறம் பண்டாரவளை, கண்டி, சென்னை வரைக்கும் போனீர்கள். எவனோ எழுதியதைப் பாடமாட்டோம் என்று ஒரு பாட்டுக் கம்பனிக்காரனைத் திருப்பி அனுப்பினீர்கள். அதில் எனக்கும் பெருமைதான்.

பிறகு அந்தக் கொழும்பு மண்டபம். ஆட்டுத்தோல் ஈரத்தை இழுத்துவிடும். காய்ந்த மானாப்புல்லைக் கொளுத்திச் சூடு காட்டினால்தான் தப்பு பேசும். நெருப்பு மூட்டக்கூடாது என்றான் மண்டபத்துக்காரன். ஏசிக் குளிரில் தோல் தொய்ந்து, நசுங்கிய தகரம் மாதிரி சத்தம் வந்தது. நீ ரஜீவுக்காக ஒரு வார்த்தை பேசினாயா? அத்தனை பேர் முன்னால், "இந்தச் சாவு வீட்டு மேளத்த இனிமே தூக்கிட்டு வராதடா" என்றாய். அடுத்த மாதம் அவன் இடத்தில் தாளம் போடுகிற ஒரு மெஷினை வைத்தாய். வருஷம் திரும்புமுன் குழு உடைந்தது.

ரஜீவ் தப்பைக் கூரை இடுக்கில் செருகினான். ஏழு வருஷமாகப் பண்டாரவளையில் மரக்கறி மூட்டை ஏற்றுகிறான். போன வருஷம் அவன் அம்மா, என் மகள் சிவசக்தி, செத்தபோது, எடுத்து அடிடா என்று கெஞ்சினேன். "அது பேசாது அம்மாயி" என்றான். வேறு ஆளையும் அடிக்க விடவில்லை. என் மகளை மழையில் ஒரு சத்தமும் இல்லாமல் தூக்கிக்கொண்டு போனோம். அதற்காக உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே.

முந்தாநாள் கூரை ஒழுகியது. ரஜீவ் ஏறி, முதலில் அந்தத் தப்பைத்தான் இறக்கினான். சட்டையைக் கழற்றித் துடைத்து அடுப்போரம் சாய்த்து வைத்தான். அடிக்கவில்லை. ஆனால் தோலைச் சூடு படுகிற பக்கம் திருப்பி வைத்தான். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் கடிதத்தை அவனிடம் கொடுப்பதா, அடுப்பில் போடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் தை மாதம் நீங்கள் பாடப்போகிற மண்டபத்துக்காரனுக்கு எழுதிக் கேள். உள்ளே வேண்டாம், வாசலில் மழை படாத ஒரு மூலை போதும், நெருப்பு மூட்ட. கிடைத்தது என்று எழுது. நானே அவனைக் கூட்டிக்கொண்டு பதுளையில் ரயில் ஏறுகிறேன். மானாப்புல் அறுத்து அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், காய்ந்துகொண்டிருக்கிறது.

முதல் வரிசை எனக்கு வேண்டாம். அவன் கை மறுபடி பழகினால் போதும். என் இருமல் இந்த மழையோடு நிற்கிற மாதிரி தெரியவில்லை. சுருக்காகப் பதில் போடு.

மாரியாத்தா உன்னையும் காப்பாற்றட்டும்.

வேலாயி அம்மாயி