வெடிக்கும் என்றீர்களே, அண்ணா

என் அன்பு அண்ணாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதலில் உங்கள் மருமகளைத்தான் ஏசினேன். கோதோடு அவித்த முட்டையை மைக்ரோவேவுக்குள் வைக்கப் போனாள். "வையாதை அபி, வெடிக்கும்!" என்று கத்தினேன்.

"எக்ஸ்ப்ளோடா அம்மா? ஐ தாட் துவக்குதான் வெடிக்கும்" என்றாள்.

முட்டையை வாங்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் துவக்கு, அந்தப் பழைய ரிவால்வர், சேகரிடம் இருக்கிறது. கிளப்பில் உங்களோடு குறிபார்த்துச் சுட்ட அதே கோயம்புத்தூர்ச் சேகர்தான். லைசென்சும் இரும்புப் பெட்டியும் அவரிடம்தானே இருக்கின்றன. இன்று உங்கள் பிறந்தநாள். உங்கள் நினைவாக அதைக் கிளப்பில் சுடப்போவதாகப் போன கிழமை சொன்னார். "சுடும்ல அக்கா? அவர் ஏதாச்சும் சொல்லிருக்காரா?" என்று கேட்டார். "ஓம், வெடிக்கும் எண்டுதான் அண்ணா சொன்னவர்" என்றேன். அவர் ஊரில் வெடிக்கும் என்றால் நல்ல பட்டாசு மாதிரிப் பழுதில்லாமல் வேலை செய்யும் என்று அர்த்தம். நானும் அப்படித்தான் விளங்கி வைத்திருந்தேன்.

ஆனால் நீங்கள் சொன்னது எந்த 'வெடிக்கும்'? சுடுவதா, முட்டை மாதிரிச் சிதறுவதா?

லின்ஃபீல்ட் வீட்டுக் குசினி மேசையில் அதைத் திறந்து காட்டினீர்களே. அதற்குரிய பழைய தோட்டா இப்போது லேசில் கிடைக்காது என்றும், யாரோ எப்போதோ தோட்டா போடுகிற உருளையின் பின்பக்கத்தை அராவி, வலுக் கூடிய வேறு தோட்டா போகும்படி மாற்றியிருக்கிறார்கள் என்றும் சொன்னீர்கள். நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். "அது இதுக்குள்ளை பொருந்துமோ?" என்று கேட்டேன். "பொருந்தும், தங்கச்சி. வெடிக்கும்." இரண்டுக்கும் நடுவில் ஓர் 'ஆனா' இருந்ததா? குக்கர் விசிலடித்தது. நான் திரும்பிப் பார்த்தபோது நீங்கள் அந்த உருளையை உள்ளங்கையால் மூடியிருந்தீர்கள். முகத்தில் சிரிப்பில்லை.

சேகர் போன் எடுக்கவில்லை. முட்டையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் இருக்கிற பக்குரங்காவுக்குக் காரை விட்டேன். சிவப்பு விளக்குகளில் நிற்கும்போதெல்லாம் அவருடைய கைதான் கண்ணுக்குள் வந்தது. பல் வைத்தியம் பார்க்கிற கை, அண்ணா.

அவர் வாசலில் நின்று காருக்குள் துவக்குப் பையை ஏற்றிக்கொண்டிருந்தார். போனை எடுக்க நான் கோட்டுப் பைக்குள் கைவிட, முட்டைதான் வந்தது. "என்னக்கா, பிரேக்ஃபாஸ்ட் கொண்டாந்திருக்கீங்களா?" என்று சிரித்தார்.

"சேகர், அதைச் சுடாதேங்கோ. வெடிக்கும்."

"நீங்கதானே வெடிக்கும்னு சொன்னீங்க!"

"ஓம். அதைத்தான் இப்பவும் சொல்லுறன். வெடிச்சுச் சிதறும்."

சிரிப்பு நின்றது. "புல்லட் கச்சிதமா உட்காருதுக்கா. போட்டுப் பாத்துட்டேன்."

"இருக்கும். தாங்குமோ? அண்ணா ஒருநாளாவது அதைக் கிளப்புக்குக் கொண்டு வந்தவரா?"

சேகர் காருக்குள் இருந்த பையைப் பார்த்தார். காரின் கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு பையை இறக்கினார்.

"இன்னைக்கு வேணாம். வேகம் கம்மியான புல்லட்டாத் தேடி அடுத்த மாசம் சுடலாம். அவர் ஞாபகமா எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்க்கா."

தலையாட்டினேன். ஓம் என்று சொல்லவில்லை.

திரும்பி வரும்போது உங்களிடம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று கூடவே வந்தது. துவக்குச் சத்தத்துக்குத் தப்பி இவ்வளவு தூரம் வந்த நீங்கள், இங்கே வந்து ஏன் ஒன்றை வாங்கினீர்கள்? சுடமுடியாதது என்று தெரிந்துதான் அதை வைத்திருந்தீர்களா?

உங்கள் உயில்படி அது என் பொறுப்பு. நாளை போலீசுக்குப் போன் எடுத்து, அதைக் கொண்டுபோய் அழித்துவிடச் சொல்லப் போகிறேன். சேகருக்குச் சொல்லவில்லை. அபிக்கும் சொல்லவில்லை. இனி அவர் என்னோடு கதைக்காமலே விடக்கூடும். அந்தக் கை முழுதாக இருந்தால் எனக்குப் போதும்.

அண்ணா, உங்கள் துவக்கு இனி வெடிக்காது. நீங்கள் சொன்ன அர்த்தத்திலும் இல்லை, சேகர் நினைத்த அர்த்தத்திலும் இல்லை.

உங்கள் சொல்லைப் பிந்தி விளங்கிக்கொண்ட
தங்கச்சி