தாராசுரத்தில் வண்டி நிற்கவில்லை

எந்த ஊருக்குப் புறப்பட்டாலும் ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரும் என் அண்ணிக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷமும் ஒரு மாதமும் ஆகிவிட்டது. இத்தனை நாள் உங்களுக்கு எழுத எனக்கு வாய் வரவில்லை. வாயாடி என்று ஊரே சொல்லும் எனக்கு! இப்போது எழுதியே ஆகவேண்டும். உங்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது, ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. எதை முதலில் சொல்வது என்று தெரியாததால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பேத்திக்குப் போன வாரம் மொட்டை போட்டுக் காது குத்தினோம். நீங்கள் பார்க்காமலே போன பேத்தி. கவிதா ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும்போதுதானே நீங்கள் போனீர்கள். பாப்பாவுக்கு உங்கள் மூக்கு, அண்ணி. கோபம் வந்தால் அந்த மூக்கு நுனி முதலில் சிவக்கிறது. உங்களுக்கு அப்படித்தானே சிவக்கும்?

வருஷம் திரும்பாமல் குலதெய்வக் கோயிலுக்குப் போகக்கூடாது என்று சித்தப்பா சொல்லியிருந்தார். திவசம் முடிந்து, பாப்பாவுக்குப் பதினோராம் மாதம் நடக்கும்போது, மாப்பிள்ளை வீட்டிலும் சம்மதம் வாங்கிக்கொண்டு நாள் பார்த்தோம். தஞ்சாவூரிலிருந்து விடியற்காலையில் ஒரு வேன். குடவாசல் தாண்டி வயலுக்கு நடுவே நம் வீரனார் கோயில். வழி உங்களுக்குத் தெரியாததா?

புறப்படுவதற்கு முந்தின நாள் பாப்பாவின் காய்ச்சல் மருந்தையும், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டையும் கவிதா எடுத்து வைத்தாள். சித்தப்பா பார்த்துவிட்டார். "சாமி காரியத்துக்கு மருந்தோட போனா என்னம்மா அர்த்தம்? நோய நாமளே கூட்டிக்கிட்டுப் போற மாதிரி இல்ல? வீரனாரு பாத்துக்குவாரு, எடுத்து உள்ள வை" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "உங்கம்மா மாதிரியே ஆஸ்பத்திரியத் தூக்கிக்கிட்டுக் கிளம்பாத" என்றேன். அவள் எல்லாவற்றையும் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டாள்.

உங்களை எத்தனை வருஷம் அப்படிக் கிண்டல் செய்திருக்கிறேன்! திருச்செந்தூர் போனபோது உங்கள் கூடைக்கு நடமாடும் மருந்துக்கடை என்று பேர் வைத்தவள் நான்தான். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு பாட்டில், சுண்டுவுக்கு அதே தண்ணீர் தனியாக ஒரு பாட்டில். "நாய்க்குமா அண்ணி?" என்று கேட்டேன். "அதுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றீர்கள். அந்தப் பயணத்தில் வழியில் கண்ட தண்ணீரைக் குடித்து இரண்டு நாள் படுத்தது நான்தான், நாய் இல்லை.

சுண்டுவைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் போனபிறகு அண்ணனையும் என்னையும் தவிர வேறு யார் கையிலும் அது சாப்பிடுவதில்லை. விட்டுவிட்டுப் போக ஆளில்லை. "வீரனாரு காலடியிலயே ஒரு மண் நாய் உக்காந்திருக்கு, இது வந்தா என்ன கோவிச்சுக்கவா போறாரு" என்று அண்ணன் சொல்லிவிட்டார். அதனால் அதையும் ஏற்றிக்கொண்டோம். புறப்படும் அன்று காலையில் அதற்குச் சோறு வைக்காதே, வண்டியில் வாந்தி எடுக்கும் என்று நீங்கள் சொல்வது மட்டும் எப்படியோ எனக்கு ஞாபகம் இருந்தது. அதன் தண்ணீர்க் கிண்ணம், பழைய துண்டு, சங்கிலி, ஊசி போட்ட அட்டை எல்லாம் ஒன்றாக எங்கே இருக்கும் என்று தேடினால், பரணில் உங்கள் ஒயர் கூடை. சுண்டுவுக்கு ஒரு பாட்டிலில் வீட்டுத் தண்ணீரும் நிரப்பி அதில் வைத்து, அப்படியே தூக்கி வந்து வேனில் என் காலடியில் வைத்தேன். நாய்ச் சாமான் என்பதால் சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி தாராசுரத்தைத் தாண்டும்போது நான் முன் சீட்டைப் பார்த்தேன். அங்கே நீங்கள் எப்போதும் வண்டியை நிறுத்தச் சொல்வீர்கள். பாத்ரூம் போகவேண்டும் என்பீர்கள். கூட அண்ணனையும் துணைக்கு இழுத்துக்கொண்டு, கூடையோடு இறங்கிப் போவீர்கள். "அண்ணிக்குத் தாராசுரம் போர்டப் பாத்தா போதும், அவசரம் வந்துடும்" என்று நான் சொல்ல வண்டியே சிரிக்கும். நீங்களும் சிரிப்பீர்கள். இந்த வருஷம் நிறுத்தச் சொல்ல ஆளில்லை. டிரைவர் வேகம் குறையாமல் போய்விட்டார்.

கோயிலில் ஒன்பது மணிக்குப் பூசை என்று ஏற்பாடு. படையல் முடியும்வரை வீட்டுத் தலைமகன் பச்சைத் தண்ணீர் கூட வாயில் வைக்கக்கூடாது என்பது நம் வழக்கம். ஆனால் பாப்பாவை மடியில் வைத்துக்கொள்ளவேண்டிய தாய்மாமன் வரவேண்டுமே. உங்கள் பிள்ளை பிரபு பெங்களூரிலிருந்து வந்த பஸ் எங்கேயோ மாட்டிக்கொண்டது. பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. வைகாசி வெயில். உளுந்து எடுத்த வயல்கள் காய்ந்து கிடந்தன. நிழலுக்கு இருந்தது ஒரு வேப்பமரம் மட்டும்தான். பொங்கலுக்கு வாங்கிய வெல்லம் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

அப்போதுதான் அண்ணன் எழுந்து நின்றார். சட்டையில்லாத உடம்பு முழுக்க வேர்வை ஊற்றியது. கைகள் நடுங்கின. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. பூசாரி நீட்டிய விபூதித் தட்டைத் தட்டிவிட்டார். என்னென்னவோ பேசினார், ஒன்றும் புரியவில்லை. நம் அண்ணன் யாரிடமாவது குரல் உயர்த்திப் பேசி நாம் பார்த்திருக்கிறோமா?

"சாமி வந்துடுச்சு!" என்றார் சித்தப்பா.

கவிதா பயந்துபோய்ப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். எல்லோரும் கை கூப்பினார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீரை எடுத்து அண்ணன் தலையில் ஊற்றினார். "கோவமா வந்திருக்காரு. ஒரு வருஷமா யாரும் வாசல் மிதிக்கலல்ல" என்றார். "என்ன கொறைன்னு சொல்லுங்க சாமி, செஞ்சிடறோம்" என்று சித்தப்பா தழுதழுத்தார்.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன் அண்ணி. நானும் கை கூப்பினேன். பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் இன்சுலின் பாடம் நடத்துகிற சயின்ஸ் டீச்சர், கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றேன். அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அந்த நேரம் சுண்டு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் காலைப் பிராண்டியது. தண்ணீர் வைக்க மறந்துபோயிருந்தேன். கிண்ணத்தை எடுக்கக் கூடைக்குள் கையை விட்டேன். துண்டுக்குக் கீழே கையில் ஒரு எவர்சில்வர் டப்பா தட்டுப்பட்டது. மூடியில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் உங்கள் கோணல் கையெழுத்து.

"ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் அவருக்கு வேர்க்கும், கை நடுங்கும், கோபமாகச் சம்பந்தம் இல்லாமல் பேசுவார். அது அவர் இல்லை. சர்க்கரை இறங்கிவிட்டது. முழுங்க முடிகிறபோதே குளுக்கோஸ் கொடுக்கவும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவும்."

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊசியா? அண்ணன் ஊசி போட்டுக்கொள்கிறாரா? நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முழங்கால் மடங்கத் தொடங்கியிருந்தது. டப்பாவுக்குள் பிரிக்காத குளுக்கோஸ் பாக்கெட், ஒரு ஸ்பூன், ஒரு சின்ன டம்ளர். பாக்கெட்டை அவசரமாகக் கிழித்ததில் பாதிப் பொடி மண்ணில் கொட்டியது. மீதியைச் சுண்டுவின் பாட்டில் தண்ணீரிலேயே கரைத்தேன். நம் வீட்டுத் தண்ணீர்தானே.

"ஏ வசந்தி, சாமி எறங்கியிருக்கற நேரத்துல குறுக்க போகாத!" என்று சித்தப்பா கத்தினார்.

"படையல் ஆகலம்மா. வாயில எதையும் வைக்கக்கூடாது" என்று பூசாரி கையை நீட்டித் தடுத்தார்.

"சாமி எறங்கல சித்தப்பா, சர்க்கரைதான் எறங்கியிருக்கு! நகருங்க. வீரனாரு கோவிச்சுக்கிட்டா என்னைய வந்து புடிச்சுக்கட்டும்."

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. பூசாரி என்ன நினைத்தாரோ, கையை இறக்கிவிட்டார். டிரைவர் ஓடி வந்து அண்ணனைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டார். முதல் வாயை அண்ணன் துப்பினார். இரண்டாவது வாயை முழுங்கினார். "இன்னுங் கொஞ்சம்ண்ணே, இன்னுங் கொஞ்சம்" என்று பாப்பாவுக்குச் சொல்வதுபோலச் சொல்லிச் சொல்லி டம்ளரைக் காலி செய்தேன். கவிதா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பத்து நிமிஷத்தை என் ஆயுசில் மறக்கமாட்டேன். நான் தப்பாகச் செய்திருந்தால்? அது உண்மையிலேயே சாமியாக இருந்திருந்தால்? அப்படியெல்லாம்கூட மனசு ஓடியது.

பிறகு அண்ணன் கண்ணைச் சுழற்றி ஒவ்வொருவராகப் பார்த்தார். "ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க? பிரபு வந்துட்டானா?" என்றார். சித்தப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

டிரைவர் தனக்கு வைத்திருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். அண்ணன் தயங்கிக்கொண்டு பூசாரியைப் பார்த்தார். "சாப்புடுங்கய்யா, மொதல்ல சாப்புடுங்க" என்று அவர்தான் சொன்னார். குடவாசலில் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பி வந்தோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மயங்கியிருப்பார் என்றார் டாக்டர். அதற்குள் பிரபுவும் வந்து சேர்ந்தான். அவன் மடியில் உட்கார்ந்து உங்கள் பேத்தி ஊரைக் கூட்டி அழுதாள். அன்றைக்குப் பூசை நடந்தபோது மணி இரண்டு.

வரும் வழியில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "ஆறு வருஷமா ஊசிதான்மா. யாருக்கும் சொல்லாதன்னு அவகிட்ட நான்தான் சத்தியம் வாங்கினேன். ஊசிய மட்டும் ஒரு நாளும் விடக்கூடாதுன்னு அவ என்கிட்ட வாங்கினா. இன்னிக்கும் விடலையே, காலைல போட்டுக்கிட்டுத்தானே கெளம்பினேன்." தாராசுரம் வந்ததும் வெளியே ஒரு கடையைக் கையால் காட்டினார். "இங்கதான் நிறுத்துவா. பாத்ரூமுன்னு சொல்லி எறக்கிக்கிட்டுப் போயி, கடைக்குப் பின்னால நிக்கவச்சு நாலு இட்லி குடுப்பா. சாமி தப்பா நெனைக்காது, தின்னுங்கம்பா."

அண்ணி, நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அண்ணன் மானம் போகக்கூடாது என்று அத்தனை பேர் சிரிப்பையும் நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். அந்தச் சிரிப்பைத் தொடங்கி வைத்தவள் நான். ஒரு தடவை கூட உங்களுக்குக் கோபம் வரவில்லையா? என் காதில் மட்டுமாவது போட்டிருக்கக் கூடாதா? இல்லை, சத்தியம் சத்தியம்தான் என்று இருந்துவிட்டீர்களா?

இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணனே சித்தப்பாவிடம் சொல்லிவிட்டார். சித்தப்பா தனக்கும் இரத்தக் கொதிப்பு மாத்திரை உண்டு என்று அப்போதுதான் வாயைத் திறந்தார். கோயில் நாட்களில் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவாராம். இனி அதுவும் கூடையில் வரும். நேற்றுக் கவிதா பாப்பாவோடு மாமியார் வீட்டுக்குப் புறப்பட்டாள். பாப்பாவின் மருந்தைச் சித்தப்பாவே அலமாரியிலிருந்து எடுத்து வந்து பையில் வைத்தார். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. சுண்டு தினமும் அண்ணனோடு கரைவரை நடக்கிறது. அண்ணன் சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கிறதா என்று நான் தடவிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

அந்த டப்பாவை நீங்கள் எப்போது தயார் செய்தீர்கள்? ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாக வீட்டுக்கு வந்த அந்த இருபது நாட்களிலா? எழுந்து உட்காரவே முடியாமல் இருந்தீர்களே. உங்கள் கையெழுத்து அதனால்தான் அவ்வளவு கோணலாக இருந்ததா?

கடைசி வரியை நான் யாருக்கும் காட்டவில்லை. அதை எனக்கென்றே எழுதியிருந்தீர்கள்.

"வசந்தி டீச்சர், கிண்டல் பண்ணாம மொதல்ல குடு."

கிண்டல் பண்ணவில்லை அண்ணி. கொடுத்துவிட்டேன்.

டப்பாவைக் கழுவி, புது பாக்கெட் வைத்து, பிளாஸ்திரியை மட்டும் மாற்றாமல் கூடைக்குள் வைத்திருக்கிறேன். கூடை இனி என் மடியில்தான் வரும். அடுத்த வருஷமும் போவோம். தாராசுரத்தில் வண்டி கட்டாயம் நிற்கும். அண்ணன் கடைக்கு உள்ளேயே எல்லோர் எதிரிலும் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார். ஏன் நிறுத்தினாய் என்று யாராவது கேட்டால், எங்கள் அண்ணிக்கு அவசரம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாய் கொஞ்சம் குறைந்திருக்கும் உங்கள் நாத்தனார்,
வசந்தி