ஒரு கமாகூட மாறல

நவம்பர், வெள்ளி. மழை விடல.

பிரெஞ்சுத் தூதரகத்துல பத்திரிகைத் தொடர்பு வேலைக்குச் சேர்ந்து நான் எழுதின முதல் செய்திக் குறிப்பு இன்னிக்கு நான் முன்ன வேலை பார்த்த பேப்பர்ல வந்துடுச்சு. ஒரு கமாகூட மாறல. மேல 'நமது நிருபர்'னு வேற போட்டிருக்கு.

அங்க எடிட்டிங் பார்க்கறது மல்லிகா. நான் நிருபரா இருந்தப்ப நான் எழுதிக் குடுத்த எதையும் அவ சும்மா விட்டதில்ல. எந்த விழாவ எழுதிக்கிட்டுப் போனாலும் ஒரே கேள்விதான்: "மேடை இருக்கட்டும்டா, வாசல்ல யாரு நின்னா?"

நேத்து பாரீஸ்லேர்ந்து விருந்தாளி வந்தப்ப, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த புருஷனோட பென்ஷனுக்காக மனுவோட சில பொம்பளைங்க தூதரக வாசல்ல நனைஞ்சிக்கிட்டு நின்னாங்க. அத நான் குறிப்புல எழுதல. அதெல்லாம் எழுதற வேலையில இப்ப நான் இல்ல. ஆனா மல்லிகா கேப்பா, கேட்டா சொல்லிடலாம்னு ராத்திரி வரைக்கும் போனையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

இன்னிக்குச் சாயங்காலம் நானே கூப்பிட்டேன். "ஏன் மல்லிகா, ஒண்ணுமே கேக்கல?"

"உங்ககிட்ட என்ன சார் கேக்கறது? குடுத்தீங்க, போட்டுட்டோம்."

சார்னு குத்திக் காட்டறதுக்குச் சொல்லியிருந்தா பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அப்படிச் சொல்லல. தூதரகத்துலேர்ந்து யார் பேசியிருந்தாலும் அவங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லியிருப்பா.